இடுப்பு முறிவுக்குப் பின் அம்மாவின் கால்களுக்குச் சமநிலையைத் திரும்பப் பழக்குவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களும் வாசிக்கக்கூடும். உங்கள் அம்மாவுக்கு வயது 72. இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல்கணக்கில் (மேற்பிரிவில்) ஏறக்குறைய 40 ஆண்டுகள் கொழுந்தெடுத்தவர். ஏழு வாரங்களுக்கு முன், மழை விடாத ஒரு விடியற்காலையில், லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) முன்னால் உள்ள கானை (வடிகாலை)த் தாண்டும்போது வழுக்கி விழுந்து, இடது தொடையெலும்பின் கழுத்து முறிந்தது. உடைந்த பந்துப் பகுதியை அகற்றி உலோகப் பந்து வைத்தார்கள். இப்போது காயம் ஆறிவிட்டது, நோவும் குறைந்துவிட்டது, வோக்கரைப் பிடித்து இஸ்தோப்பு (முன் திண்ணை) வரை வருகிறார். ஆனால் கையை ஒரு கணம் எடுத்தாலும் சாய்கிறார்; பயந்து மறுபடியும் கட்டிலில் போய் உட்கார்ந்துகொள்கிறார். நீங்கள் கொழும்பில் வேலை செய்கிறீர்கள். உங்கள் மனைவி காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு)ப் போனால் மாலையில்தான் திரும்புகிறார். சத்திரசிகிச்சை சரியாக நடந்தது என்றால் இன்னும் ஏன் இந்தத் தள்ளாட்டம் என்பது உங்கள் முதற் கேள்வி; மாசித் திருவிழாவுக்குக் கோயில் படி இறங்குவாரா என்பது இரண்டாவது.

முதற் கேள்விக்கான விடை: சத்திரசிகிச்சை மூட்டைத் திருத்தியது, சமநிலையை அது தொடவே இல்லை. சமநிலை எலும்பில் இருப்பதன்று. கண் பார்க்கிறது, உட்காது தலையின் சாய்வை அளக்கிறது, பாதமும் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் தரை எப்படி இருக்கிறது என்று மூளைக்கு அறிவிக்கின்றன; மூளை இவற்றைக் கூட்டிப் பார்த்து, எந்தத் தசையை எந்தக் கணத்தில் இறுக்குவது என்று தீர்மானிக்கிறது. உங்கள் அம்மாவுக்கு இவற்றில் பல ஒரே நேரத்தில் தளர்ந்திருக்கின்றன. வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்த நாட்களையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நோயும் இல்லாத முதியவர்களை 10 நாட்கள் படுக்கையில் இருக்கச் செய்து பார்த்து 2007இல் வெளியிட்ட ஓர் அமெரிக்க ஆய்வில், அவர்கள் இரு கால்களிலுமாக ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்திருந்தார்கள். முறிவும் சத்திரசிகிச்சையும் பட்ட ஒருவருக்கு இழப்பு அதைவிடக் குறைவாக இருக்க வழியில்லை.

அதிலும் முக்கியமானது இடுப்பின் பக்கவாட்டுத் தசை. இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, உடலின் ஓரத்தில் கையை வைத்துக்கொண்டு அதே பக்கத்துக் காலில் மட்டும் நின்று பாருங்கள். கைக்குக் கீழே ஏதோ ஒன்று கல்லாக இறுகுவது தெரியும். மறு காலைத் தூக்கும்போது இடுப்பு அந்தப் பக்கம் சரிந்துவிடாமல் தாங்குவது அதுதான். நடக்கும் நேரத்தில் பெரும்பகுதி நாம் ஒற்றைக்காலில்தான் நிற்கிறோம் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சத்திரசிகிச்சை அந்தத் தசையின் அருகாகவோ, சில முறைகளில் அதை ஓரளவு பிரித்தோதான் நடக்கிறது. ஆகவே இடது காலில் பாரம் விழும்போதெல்லாம் உங்கள் அம்மா ஒரு பக்கமாகச் சாய்வது இயல்பே. அது மனத்தின் கோழைத்தனம் அன்று.

இனி வோக்கர். முதல் வாரங்களில் அது இல்லாமல் முடியாது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைப் பிடித்திருக்கும்போது சமநிலை காக்கும் வேலையைக் கைகள் எடுத்துக்கொள்கின்றன. கால்களும் மூளையும் ஓய்வெடுக்கின்றன. வோக்கரோடு நாளுக்கு நூறு முறை இஸ்தோப்பில் நடந்தாலும் கால் பலமும் மூச்சும் கூடுமே தவிர, கையை எடுத்ததும் சாய்வது மாறாது. எங்கே சற்றுத் தள்ளாடுகிறதோ, அந்த எல்லையில் நின்று பழகினால்தான் சமநிலை திரும்பும். தள்ளாடும்போது பற்றிக்கொள்ள எட்டும் தூரத்தில் ஒன்று இருக்கவும் வேண்டும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் பயன் இல்லை. தள்ளாட்டமே வராத பயிற்சி சமநிலைப் பயிற்சி அன்று; பிடிமானம் இல்லாத பயிற்சி இன்னொரு முறிவுக்கு வழி.

பெரிய வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டி (சிகிச்சை முடிந்து வீட்டுக்கு) அனுப்பும்போது “கவனமா நடங்க, விழுந்துறாதீங்க” என்று சொல்லி அனுப்புவதை 20 ஆண்டுகளுக்கு மேலாக மலையக வைத்தியசாலைகளில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்டாக) வேலை செய்தபோது எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது அன்பான சொல்தான், சிகிச்சை அன்று. கேட்ட முதியவர் அதை “அசையாதே” என்று விளங்கிக்கொள்கிறார். வீட்டாரும் பாசத்தால் எல்லாவற்றையும் கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மூன்று மாதங்களில் அந்தக் கட்டிலே அவருடைய ஊராகிவிடுகிறது.

பயிற்சி விழுவதைக் குறைக்கும் என்பதற்குச் சான்று நிறையவே உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட மீளாய்வு 108 ஆய்வுகளை, 23,000க்கும் மேற்பட்ட முதியவர்களைச் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி செய்தவர்கள் விழும் வீதம் ஏறக்குறைய 23 சதவீதம் குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்தவற்றுள் முதன்மையானவை சமநிலைப் பயிற்சியும், எழுவது, படி ஏறுவது போன்ற அன்றாட அசைவுகளைப் பழகுவதும்தான். நடைப்பயிற்சி மட்டும் விழுவதைக் குறைக்கும் என்று சொல்லச் சான்று போதவில்லை. அவர்களில் பெரும்பாலோர் இடுப்பு முறிந்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் தசையும் மூளையும் பழகும் முறை ஒன்றுதான். நியூசிலாந்தில் 1990களில் வகுக்கப்பட்ட ஒட்டாகோ பயிற்சி முறையும் இதே அடிப்படையில்தான் அமைந்தது: கால் பலத்துக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளை வீட்டிலேயே வாரத்துக்கு மூன்று நாள் அரைமணி நேரம் செய்வது, இடையில் நடப்பது, இயன்மருத்துவர் சில முறை வந்து கடினத்தைக் கூட்டிவிட்டுப் போவது. கிளினிக்குக்கு வர பஸ்ஸும் முச்சக்கரவண்டியும் மாறி அரைநாள் கழிக்க வேண்டிய நம் தோட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

தொடங்குவதற்கு முன் டயக்னோசிஸ் கார்டை எடுத்துக்கொண்டு கிளினிக்கில் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். இடது காலில் முழுப் பாரமும் வைக்கலாமா? மூட்டு நழுவாமலிருக்க எந்த அசைவுகள் தடை, அவை எந்தத் தேதி வரை? வோக்கரிலிருந்து கைத்தடிக்கு எப்போது மாறலாம்? பந்து மாற்றியவர்களுக்குப் பெரும்பாலும் முழுப் பாரம் வைக்க அனுமதி உண்டு. ஆணியோ தகடோ வைத்துப் பொருத்தியவர்களில் சிலருக்கு அது தாமதமாகலாம். பின்பக்கமாகத் திறந்து செய்திருந்தால், முழங்கால் இடுப்பைவிட உயரும்படி மடங்குவது, கால்மேல் கால் போடுவது, இடது பாதத்தை ஊன்றியபடியே உடலைத் திருப்புவது ஆகிய மூன்றும் சில வாரங்களுக்குத் தடை. எத்தனை வாரம் என்பது சத்திரசிகிச்சை வைத்தியர் சொல்ல வேண்டியது. இந்தத் தடை நம் வீடுகளில் முதலில் மோதுவது குந்தி உட்காரும் மலசலகூடத்தில்தான். இருக்கையில் துளையிட்ட பிளாஸ்டிக் கதிரையை அதன்மேல் வைத்துச் சமாளிப்பவர்கள் பலர். ஈரச் சீமெந்தில் அதன் கால்கள் விரிந்து வழுக்கியதை நான் பார்த்திருக்கிறேன். இயன்றால் இரும்புச் சட்டம் போட்ட கொமோட் கதிரையை இரவலாகவேனும் வாங்குங்கள்.

பயிற்சிக்கு இடம் தேடி அலைய வேண்டாம். 10க்கு 12 அடிக் காம்பரா (லய அறை) என்பது நம் மக்களின் நெடுநாளைய குறை. இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அது வசதியாகிறது, ஏனென்றால் சுவர் மூலை எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு சுவர்கள் சேரும் மூலைக்கு முதுகு காட்டி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அம்மாவை நிறுத்துங்கள். முன்னால் கனமான மரக் கதிரை ஒன்றை, அதன் முதுகு அவரைப் பார்க்கும்படி வையுங்கள். பின்னாலும் பக்கத்திலும் சாய்ந்தால் சுவர் தாங்கும், முன்னால் சாய்ந்தால் கதிரை. காலில் பாட்டா (ரப்பர்ச் செருப்பு) போட வேண்டாம். வெறுங்கால், அல்லது குதிகாலைப் பிடித்துக் கட்டும் சப்பாத்து.

முதலில் செய்ய வேண்டியது பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும்: பாரத்தை மாற்றுவது. இரண்டு கைகளும் கதிரையில், பாதங்கள் ஒரு சாண் இடைவெளியில். மெல்ல மெல்ல இடது காலுக்குப் பாரத்தைக் கொண்டுபோய், மூச்சை அடக்காமல் ஐந்து எண்ணி, திரும்பி வர வேண்டும். முறிவு பட்டவர்கள் ஏறத்தாழ எல்லோருமே, தாங்கள் இரண்டு காலிலும் சமமாக நிற்பதாக நினைத்துக்கொண்டே நல்ல காலில்தான் நிற்பார்கள். சமமாக நிற்பது எப்படி இருக்கும் என்பதையே உடல் மறந்திருக்கும். நீங்கள் பக்கத்தில் நின்று இடுப்பின் இரு பக்கமும் கைகளை வைத்துப் பார்த்தால், இடது பக்கத் தசை இறுகுவதற்கு எவ்வளவு தயங்குகிறது என்று தெரியும். இதற்கு ஒரு வாரம் கொடுங்கள். அவசரப்பட்டு இதைத் தாண்டியவர்கள் பின்னால் நொண்டி நடையை நிரந்தரமாக்கிக்கொண்டதைக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது கையை விடுவது. இரண்டு கை, பிறகு ஒரு கை, பிறகு இரண்டு விரல், பிறகு கதிரைக்கு மேலே காற்றில் நிற்கும் கை. ஒவ்வொரு படியிலும் 10 வினாடி அசையாமல் நிற்க முடிந்தால்தான் அடுத்த படி. கை விட்டு நிற்க வந்த பிறகு பாதங்களை நெருக்கலாம்: முதலில் ஒட்டி வைத்து, பிறகு ஒரு பாதத்தின் பெருவிரல் மறு பாதத்தின் குதிகாலுக்குப் பக்கத்தில் வரும்படி அரை அடி முன்னால் வைத்து, தடைக்காலம் முடிந்த பிறகு, கயிற்றில் நடப்பவர்போல் ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை வைத்து. இந்தக் கடைசி நிலையில் 10 வினாடி நிற்க முடியாதவர் விழும் ஆபத்து கூடியவர் என்று கொள்வது வழக்கம். ஆகவே இது பயிற்சியும் ஆகும், அளவுகோலும் ஆகும். ஒரு முறையில் ஒன்றை மட்டும் கடினமாக்குங்கள். பாதத்தை நெருக்கிய நாளில் கையை எடுக்கச் சொல்லாதீர்கள்; கையை எடுத்த நாளில் மடித்த கம்பளியின்மேல் நிறுத்தாதீர்கள். கண்ணை மூடி நிற்பது எல்லாவற்றுக்கும் பிந்தியது. பக்கத்தில் ஆள் இல்லாமல் ஒருபோதும் கூடாது.

இங்கே ஒரு அம்மாயியின் கதையைச் சொல்ல வேண்டும். உங்கள் அம்மாவைப் போலவே கொழுந்தெடுத்தவர், இரண்டு கைக்கம்பிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, எவ்வளவு சொல்லியும் கம்பியை விட மறுத்தார். “கைய விட்டா விழுந்துருவேனுங்க ஐயா” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. கடைசியில் வெளியே வேலியிலிருந்து நாலு குரோட்டன் கிளைகளை ஒடித்து வந்து, சேலைன் தொங்கவிடும் கம்பத்தில் அவர் மார்பு உயரத்துக்குக் கட்டி, “ரெண்டு எலை ஒரு மொட்டு எடுங்க பார்ப்போம்” என்றேன். “இது கொழுந்தா ஐயா? வேலி எலை!” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே வலது கை போனது, பின்னாலேயே இடது கை போனது. இரண்டு கையும் கம்பியில் இல்லை என்பதை அவர் கவனிப்பதற்குள் நாலு நிமிடம் கடந்திருந்தது. கம்பத்தை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினேன். எட்டிப் பறிப்பதற்காக முறிந்த காலில் முழுப் பாரத்தையும் தானாகவே வைத்தார்.

அதில் மாயம் ஒன்றும் இல்லை. கொழுந்தெடுப்பது என்பது சரிவில் நின்று, தலையில் கூடைக் கயிறு இழுக்க, கண் ஒரு பக்கமும் கை மறு பக்கமும் போக, எட்டி எட்டிப் பறிப்பது; வேறு எந்தத் தொழிலாளியும் வாழ்நாள் முழுதும் அவ்வளவு சமநிலைப் பயிற்சி செய்திருக்க மாட்டார். அந்தப் பழக்கம் அழிந்துபோவதில்லை. அதை அழைக்கும் வேலையைக் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் மூலைக்குப் பக்கத்தில் ஒரு கொடிக்கயிறு கட்டி, அதில் துணிக் கவ்விகளை மாட்டி, இந்தக் கோடியிலிருந்து எடுத்து அந்தக் கோடியில் மாட்டச் சொல்லுங்கள். கொடி இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கட்டும். தடைக்காலம் முடியும்வரை கீழே குனிந்து எதையும் எடுக்க வைக்காதீர்கள்.

பக்கவாட்டுத் தசைக்கு இஸ்தோப்புச் சுவரே நல்ல துணை. சுவரைப் பார்த்து நின்று, உள்ளங்கைகளை அதில் பதித்து, நண்டுபோல் பக்கமாக ஐந்து அடி போய், திரும்பி ஐந்து அடி வர வேண்டும்; பாதத்தை இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும். கதிரையிலிருந்து எழுந்து உட்காருவதை யாரும் பயிற்சியாக மதிப்பதில்லை, ஆனால் எனக்கு ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க அனுமதி உண்டு என்றால் அதைத்தான் எடுப்பேன். உயரமான, கைப்பிடியுள்ள கதிரையில் தொடங்கி, எழுவதற்கு ஒரு மடங்கு நேரம் என்றால் உட்காருவதற்கு மூன்று மடங்கு நேரம் எடுக்க வேண்டும். தொப்பென்று விழாமல் உட்காரத் தெரிந்தவருக்குத்தான் இறக்கத்தில் இறங்க வரும். இரண்டும் தொடைத் தசையின் ஒரே வேலை.

நேரத்தைப் பங்கிடுவதுதான் உங்கள் வீட்டில் சிக்கலானது. விழுவதைக் குறைக்க வாரத்துக்கு மூன்று மணி நேரமாவது பயிற்சி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நாளுக்கு மூன்று தடவை பத்துப் பத்து நிமிடம், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் அது சரியாக வந்துவிடும். உங்கள் மனைவி பெரட்டுக்குப் புறப்படும் முன் பத்து நிமிடமும், மாலையில் வந்து தேத்தண்ணி குடித்த பின் பத்து நிமிடமும் பக்கத்தில் நிற்கட்டும். கை விட்டு நிற்கும் பயிற்சிகள் எல்லாம் அந்த இரண்டு வேளையில் மட்டுமே. பகலில் தனியாக இருக்கும்போது, கதிரையில் உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டிப் பத்து எண்ணி இறக்குவதும், குதிகாலையும் விரலையும் மாற்றி மாற்றித் தூக்குவதும் போதும். நீட்டுவது எளிதானதும், துணிப் பையில் அரைக் கிலோ மணலைத் தைத்துக் கணுக்காலில் கட்டலாம். தனியே இருக்கும் வேளையில் கைபேசி கழுத்தில் தொங்கட்டும். அலுமாரியின்மேல் இருக்கும் கைபேசி விழுந்தவருக்கு எட்டாது. மாலைப் பயிற்சியின்போது பேரப்பிள்ளையை எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். பேசிக்கொண்டே நிற்பதும், அரைக் குவளைச் சாயத்தண்ணியைச் சிந்தாமல் ஏந்தி நடப்பதும் பிந்திய கட்டப் பயிற்சிகள்; பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடுபவர் இன்னும் தேறவில்லை என்று பொருள்.

கைத்தடி வலது கையில்தான் இருக்க வேண்டும். நோவுள்ள பக்கத்திலேயே தடியைப் பிடிப்பதுதான் நம் ஊரில் எங்கும் காண்பது, அது தவறு. எதிர்க் கையில் பிடித்தால்தான் அது இடது இடுப்பின் சுமையைக் குறைக்கும். தடியும் இடது காலும் சேர்ந்தே முன்னால் போக வேண்டும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு ரேகைக்குத் தடியின் பிடி வருவது சரியான உயரம். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்து வழவழப்பானால் உடனே மாற்றுங்கள். நம் மழைக்கு அது ஓர் ஆண்டுகூடத் தாங்காது.

இனி மலை. வைத்தியசாலை வார்டின் தரை மட்டமானது, உலர்ந்தது, வெளிச்சமானது. உங்கள் அம்மா வாழும் இடம் இவற்றில் எதுவும் அன்று. வார்டில் 20 மீற்றர் நடந்தார் என்று எழுதிய அட்டை, பாசி பிடித்த கற்படியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்து. வோக்கரைச் சரிவில் கொண்டுபோகவே கூடாது. அது அவரை இழுத்துக்கொண்டு போகும். இறங்கும்போது முழங்கால்கள் சற்று மடங்கியபடி, அடி குறுகியபடி, நேராக இறங்காமல் பாதையின் அகலத்தில் கோணலாக இறங்க வேண்டும். துணைக்கு வருபவர் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நிற்க வேண்டும்: ஏறும்போது பின்னால், இறங்கும்போது முன்னால். படியில் ஏற நல்ல கால் முதலில். இறங்கத் தடியும் நோவுக் காலும் முதலில். இரண்டு வேளையிலும் உடலைத் தாங்குவது வலது காலே என்பதை நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது. வீட்டில் பழகுவதற்கு நாலு அங்குல உயரப் பலகை போதும். ஆடாதபடி சுவரோடு ஒட்டி வைத்து, ஏறி இறங்கப் பழகட்டும். பிறகு ஆறு அங்குலம், பிறகு உங்கள் வாசற்படியின் உண்மையான உயரம்.

வீட்டைச் சுற்றி மூன்று வேலைகளை நீங்கள் அடுத்த முறை லீவில் வரும்போதே செய்யுங்கள். விழுந்த அந்தக் கானின் மேல், ஆடும் பலகைக்குப் பதிலாக இரண்டு அடி அகலச் சீமெந்துப் பலகை ஒன்றைப் பதித்து, ஒரு பக்கமாவது ஜீ.ஐ. குழாயில் கைப்பிடி போடுங்கள். வாசலில் கால் துடைக்கப் போட்டிருக்கும் சாக்கை எடுத்துவிடுங்கள். கால் சிக்கி விழுவதற்கு அதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. இரவில் மலசலகூடத்துக்குப் போகும் வழியில் பல்ப் ஒன்று, அல்லது இரவுக்குக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கொமோட் கதிரை. பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பதை உங்கள் பக்கத்தில் வைகாசியிலேயே, தென்மேல் மழை பிடிக்கும் முன், செய்துவிட வேண்டும். ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கணக்கு.

கால்களை மட்டும் பார்த்தால் போதாது. படுத்திருந்து எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் இரத்த அழுத்தம் 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால், அவருடைய தள்ளாட்டத்தில் ஒரு பங்கு காலில் இல்லை. அழுத்த மாத்திரையையும் நீர் போகும் மாத்திரையையும் மீண்டும் பார்க்க வேண்டும். தூக்க மாத்திரை ஏதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தால் அதற்கும் நாள் குறிக்க வேண்டும். நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிகிறது என்றால் எலும்பு தேய்ந்திருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். ஆனால் உடைந்ததைச் சரிசெய்வதோடு நின்று, மற்ற எலும்புகளுக்கான மருந்தைப் பற்றி யாரும் பேசாமல் விடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. இடுப்பு முறிந்தவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை சொலெட்ரோனிக் அமில ஊசி போட்டுப் பார்த்து 2007இல் வெளியான ஆய்வில், புதிய முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன. அது இல்லாவிட்டால் வாரம் ஒரு முறை விழுங்கும் மாத்திரையும் உண்டு. அதை வெறும் வயிற்றில் ஒரு குவளை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு எது பொருந்தும், சிறுநீரகம் எப்படி, விட்டமின் டீ போதுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். சாப்பாட்டில் ரொட்டியும் சம்பலும் மட்டும் இருந்தால் எவ்வளவு பயிற்சி செய்தும் தசை ஏறாது. முட்டையோ பருப்போ நெத்தலியோ ஒவ்வொரு வேளையும் வேண்டும். எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை, சுகமாகவே இருக்கும். காலை இழுத்து முறுக்கி நீவ மட்டும் யாரையும் விடாதீர்கள்.

இடுப்பிலோ தொடையிடுக்கிலோ புதிதாகக் கடும் நோவு, கால் திடீரெனக் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிவது, கெண்டைக்கால் வீங்கி நோவது, மூச்சு வாங்குவது, தையல் இடத்தில் நீர் கசிவது, காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்தி அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விழுந்துவிட்டால் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்த முயல வேண்டாம். கம்பளியால் போர்த்திவிட்டு 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இடுப்பு முறிவுக்குப் பின் நடையும் சமநிலையும் தேறிவர ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் ஆகின்றன. மாசியில் உங்கள் அம்மாவுக்கு ஏழாவது மாதம்தான் நடந்துகொண்டிருக்கும். எனவே தனியாக இறங்குவார் என்று நான் எழுதமாட்டேன். தடியோடும் ஒரு கைத்துணையோடும் இறங்க வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. அதைத் தை மாதக் கடைசியில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கதிரையிலிருந்து எழுந்து, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி என்று இன்றே பார்த்துக் கலண்டரில் குறியுங்கள். 40 ஆனாலும் கவலைப்பட வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை மீண்டும் குறியுங்கள். 12 வினாடிக்குள் வருவது நல்ல நிலை. தை மாதத்துக்குள் 20க்குக் கீழே இறங்கி, ஒரு விரல் மட்டும் சுவரைத் தொட இடது காலில் ஐந்து வினாடி நின்று, வாசற்படியில் கைப்பிடியோடு பத்து முறை நிற்காமல் ஏறி இறங்க முடிந்தால், பிறகு கோயில் படிகளை ஒரு நாள் நீங்கள் போய் எண்ணி, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம் என்று அளந்து, எந்த இடத்தில் உட்கார்ந்து இளைப்பாறலாம் என்று பார்த்துவிட்டு வாருங்கள். தேர் இழுக்கும் நேரத்து நெரிசலுக்கு வேண்டாம். காலைப் பூசைக்கு, வெயில் ஏறிப் படி உலர்ந்த பிறகு கூட்டிக்கொண்டு போங்கள்.